கடன் தீரும் கணம்: ஹவாலா அத்தியாயமும் பணம் செலுத்துதல் சட்டமும்

ஃபிக்ஹு நூல்களில் ஹவாலா பற்றிய அத்தியாயம் மிகச் சிறியது. ஹிதாயாவில் அது கஃபாலாவுக்கும் அதபுல் காளீக்கும் இடையே சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் ஸுல்ஹுக்கும் ளமானுக்கும் நடுவே அதற்கு ஓர் ஒடுங்கிய இடம். அரபிக் கல்லூரிகளில் அதனை இரண்டு மூன்று அமர்வுகளில் ஓதி முடித்து மேற்செல்வது வழக்கம். ஸைது அம்ருக்கு நூறு திர்ஹம் தர வேண்டும். பக்ரு ஸைதுக்கு நூறு திர்ஹம் தர வேண்டும். 'நீ பக்ரிடம் வாங்கிக்கொள்' என்று ஸைது அம்ரிடம் கூறி, அம்ரு இசைந்தால் அது ஹவாலா. கடனை மாற்றிவிடும் ஸைது முஹீல், கடன் பெற உரிய அம்ரு முஹ்தால், கடன் யார்மீது மாற்றப்பட்டதோ அந்த பக்ரு முஹால் அலைஹி. மாணவர் இம்மூன்று பெயர்களையும் மனனம் செய்துவிட்டால் பாடம் முடிந்தது. இவ்வரிகளை எழுதுபவனும் பல்லாண்டுகள் இப்பாடத்தை இவ்வாறே நடத்தியவன்தான்.

2011ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டிலிருந்து வெளியான ஒரு சட்ட வரலாற்று நூல் இச்சிறிய அத்தியாயத்தை வேறொரு பெரும் வரிசையில் வைத்து ஆராய்கிறது. தொன்மைக் காலத்திலும் இடைக்காலத்திலும் வழங்கிய 'பணம் செலுத்தும் ஆணை' என்பதே அதன் பொருள். மெசொப்பொத்தேமியாவில் தொடங்கி, கிரேக்க ரோமானிய எகிப்து, ரோமானியச் சட்டம், யூதர்களின் தல்மூது, இஸ்லாமியச் சட்டத்தின் ஹவாலாவும் சுஃப்தஜாவும், ஐரோப்பிய உண்டியல், இலண்டன் பொற்கொல்லர்களின் வங்கித் தொழில் என அது நடைபோடுகிறது. ஆசிரியர் பெஞ்சமின் கேவா, கனடாவின் டொராண்டோ நகரில் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆஸ்குட் ஹால் சட்டக் கல்லூரியில் 1977 முதல் பணியாற்றியவர். ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் ஹார்வர்டிலும் பயின்றவர். வங்கி, நிதிச் சட்டத்துக்கென ஓர் ஆய்விதழை 1986இல் தொடங்கி அதன் ஆசிரியராக விளங்கியவர். மின்னணு வழிப் பணமாற்றச் சட்டம் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1992இல் வெளிவந்தது. காசோலை வசூலையும் பணம் செலுத்தும் முறைகளையும் பல நாட்டுச் சட்டங்களுடன் ஒப்பிடும் மற்றொரு நூல் 2001இல் வந்தது. பன்னாட்டு நிதியத்தின் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் நிதிச் சட்டங்களை வரையும் பணியிலும் ஈடுபட்டிருக்கிறார்.

கணினிக் கம்பி வழியே பணம் செல்லும் சட்டத்தில் ஆயுளைச் செலவிட்ட ஒருவர் தம் முதிர்ந்த காலத்தில் ஹவாலாவிடம் ஏன் வந்து சேர்ந்தார்? இதனை வெறும் வரலாற்று ஆர்வமென்று ஒதுக்கிவிட இயலாது. அவரது துறை நாள்தோறும் கேட்கும் கேள்வியும் நம் ஃபுகஹாக்கள் கேட்ட கேள்வியும் ஒன்றே என்பதுதான் காரணம். ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு நாணயம் செல்லாமலே கடன் தீருமா? தீருமெனில், எந்தக் கணத்தில்? இடையில் நிற்பவர் நொடித்துப் போனால் இழப்பு யாருடையது?

மேலே செல்லுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இன்று செய்தித்தாள்களில் 'ஹவாலா' என்பது சட்டத்துக்குப் புறம்பான பணக் கடத்தலைக் குறிக்கிறது. வளைகுடாவிலிருந்து பணம் அனுப்புவோர் 'உண்டியல்' என்று வழங்குவதும் அதனையே. ஃபிக்ஹில் ஹவாலா என்பது கடனை ஒருவர் பொறுப்பிலிருந்து மற்றொருவர் பொறுப்புக்கு மாற்றும் ஒப்பந்தம் மட்டுமே. உஸ்மானியரின் மஜல்லா சட்டத் தொகுப்பு 673 முதல் 700 வரையிலான விதிகளில் இதனையே வகுத்துரைக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'செக்' என்ற சொல் அரபியின் 'ஸக்கு' என்பதிலிருந்து வந்தது, ஆகவே வங்கியை உலகுக்குத் தந்தவர்கள் நாமே என்று நம் மேடைகளில் முழங்குவது வாடிக்கையாகிவிட்டது. சொற்பிறப்பு ஆய்வாளர் அனைவரும் அதனை ஏற்பதில்லை. ஹிஜ்ரீ நான்காம் நூற்றாண்டின் பயணி இப்னு ஹவ்கல், சிஜில்மாசா நகரத்தவர் ஒருவருக்கு அவ்தகுஸ்த் வணிகர் தர வேண்டிய 42,000 தீனாருக்கான கடன் பத்திரத்தைக் கண்டதாக எழுதியிருப்பது மெய்யே. ஆனால் பெருமை பேசுவதற்கு அது போதும். பாடம் கற்பதற்குப் போதாது.

பாடத்துக்கு வருவோம். வங்கியில் நாம் இடும் பணம் நம்முடையதா? 1848இல் ஃபோலி எதிர் ஹில் என்ற வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, வங்கி என்பது அமானிதம் காப்பவரன்று, கடனாளியே என்று தீர்ப்பளித்தது. இட்ட பணம் வங்கியின் உடைமையாகிறது. இட்டவருக்கு மிஞ்சுவது அதே அளவு தொகையைக் கேட்டுப் பெறும் உரிமை. நம் மாணவர்க்கு இது புதிதாக இருக்க வேண்டியதில்லை. ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரழி) அவர்களிடம் மக்கள் பணத்தைப் பாதுகாக்கக் கொடுக்க வந்தபோது, அது தொலைந்துவிடுமோ என அஞ்சி, அமானிதமாக வேண்டாம், கடனாகவே தாருங்கள் என்று அவர்கள் கூறியதை ஸஹீஹுல் புகாரீ பதிவு செய்துள்ளது. அமானிதம் குற்றமின்றித் தொலைந்தால் கொடுத்தவருக்கே இழப்பு. கடனாயின் பெற்றவர் ஈடு செய்தே ஆக வேண்டும். அவர்கள் ஷஹீதான பின் மகனார் கணக்கிட்டபோது அக்கடன் 22 இலட்சமாக இருந்தது. மதீனாவை அடுத்த ஃகாபாவிலிருந்த நிலத்தை விற்றும் அதனைத் தீர்த்தார்கள்.

ஆக, வங்கி நமக்குக் கடனாளி. நாம் கடைக்காரருக்குக் கடனாளி. 'என் வங்கியிடம் பெற்றுக்கொள்க' என்று எழுதிக் கொடுக்கிறோம். ஸைதும் அம்ரும் பக்ரும் திரும்ப வந்துவிட்டார்கள். ஆயினும், இவ்வாறு எழுதிக் கொடுப்பது ஹவாலாதானா, அல்லது வங்கியை வகீலாக்கி 'என் சார்பில் கொடு' என்று ஏவுவது மட்டுமா? இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் குடும்பங்கள் அழிவதும் பிழைப்பதும் இருக்கிறது.

இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைக் காண்க. பெட்ரோல் நிலையங்களில் எரிபொருள் வாங்குவதற்கென அட்டை வழங்கிய ஒரு நிறுவனம் 1985இல் கலைப்புக்கு வந்தது. வாகன உரிமையாளர்கள் அட்டையைக் காட்டி எரிபொருள் நிரப்பிச் சென்றுவிட்டனர். பெட்ரோல் நிலையத்தாருக்கு நிறுவனத்திடமிருந்து பணம் வரவில்லை. அவர்கள் வாகன உரிமையாளர்களிடம் திரும்பக் கேட்கலாமா? காசோலை செல்லாமற் போனால் கேட்கலாம். ஏனெனில் காசோலை நிபந்தனைக்குட்பட்ட செலுத்துகை, அது பணமாகும்வரை மூலக்கடன் முற்றாக மறைவதில்லை. ஆனால் அட்டை அவ்வாறன்று என 1986இல் நீதிபதி மில்லெட் தீர்ப்பளித்தார். 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. விற்பவர் அட்டை நிறுவனத்துடன் முன்கூட்டியே உடன்படிக்கை செய்துகொண்டவர். தரகு கழித்த தொகையை அந்நிறுவனத்திடமே எதிர்பார்ப்பவர். வாங்குபவரின் முகவரியைக்கூட அறியாதவர். எனவே அட்டை ஏற்கப்பட்ட கணத்திலேயே வாங்கியவர் கடனிலிருந்து விடுபட்டார் என்றது நீதிமன்றம்.

இத்தீர்ப்பைப் படித்தபோது எனக்கு மின்ஹாஜின் வரிகளே நினைவுக்கு வந்தன. ஷாஃபிஈ மத்ஹபின்படி ஹவாலா நிறைவேறியவுடன் முஹீல் விடுபடுகிறார். முஹால் அலைஹி பின்னர் நொடித்துப் போனாலும், கடனையே மறுத்தாலும், முஹ்தால் திரும்பி வர முடியாது. ஹனஃபீ மத்ஹபிலோ பணம் அழிந்துபோகும் நிலை ஏற்பட்டால் திரும்பி வரலாம். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் அந்நிலை இரண்டு: முஹால் அலைஹி ஹவாலாவை மறுத்துச் சத்தியம் செய்து, நிரூபிக்கச் சாட்சியும் இல்லாதிருத்தல், அல்லது ஏதும் விட்டுச் செல்லாமல் அவர் மரணித்தல். நீதிபதி உயிருடனிருக்கும்போதே அவரைத் திவாலானவரென அறிவிப்பதையும் இமாம்கள் அபூயூசுஃபும் முஹம்மதும் (ரஹ்) மூன்றாவதாகச் சேர்த்தனர். ஒரு முஸ்லிமின் செல்வம் வீணாய் அழிதல் ஆகாது என்ற கருத்தில் உஸ்மான் (ரழி) அவர்களைத் தொட்டு வரும் அறிவிப்பு ஹனஃபீகளின் சான்று. ஷாஃபிஈகளோ, வசதியுள்ளவர் மீது மாற்றப்பட்டால் ஏற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த ஹதீஸை நோக்கி, திரும்பி வரும் உரிமை இருக்குமானால் 'வசதியுள்ளவர்' என்று குறிப்பிட்டதற்குப் பயனேது என்று வினவுவர். ஆங்கிலச் சட்டத்தில் காசோலை ஹனஃபீ பக்கம் சாய்கிறது. அட்டை ஷாஃபிஈ பக்கம் சாய்கிறது. இவ்வொப்புமையை மிகைப்படுத்தக் கூடாது. ஆங்கில நீதிபதிகள் மின்ஹாஜைப் புரட்டியவர்கள் அல்லர். ஒரே இடுக்கில் அகப்பட்ட அறிவு ஒரே இரண்டு வாயில்களைக் கண்டது என்பதே செய்தி.

'கைக்குக் கை' என்ற விதியின் கதை இதனினும் வியப்புக்குரியது. மாலிக் இப்னு அவ்ஸ் (ரஹ்) நூறு தீனாரை வெள்ளியாக மாற்ற விரும்பினார். தல்ஹா (ரழி) அவர்கள் அப்பொன்னைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்து, தம் கருவூலப் பொறுப்பாளர் ஃகாபாவிலிருந்து வரட்டும், வெள்ளி தருகிறேன் என்றார்கள். கேட்டுக்கொண்டிருந்த உமர் (ரழி) அவர்கள், வெள்ளியைப் பெறாமல் அவரை விட்டு நீர் பிரியலாகாது என்று மாலிக்கைத் தடுத்து, நாணய மாற்றில் இருபுறமும் உடனுக்குடன் கைமாற வேண்டுமென்ற நபிமொழியை எடுத்துரைத்தார்கள். தல்ஹா (ரழி) சுவர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மரில் ஒருவர். அவரது நாணயத்தில் யாருக்கு ஐயம் இருக்க முடியும்? ஆயினும் விதி தளரவில்லை. ஏன் என்று மாணவர் கேட்பர். 'ரிபா' என்று ஒரு சொல்லில் விடை கூறி நாம் அடுத்த வரிக்குப் போய்விடுவோம்.

அந்த 'ஏன்' என்பதற்கு 1974 ஜூன் 26 ஒரு விளக்கம் தந்தது. ஜெர்மனியின் கொலோன் நகரத்து ஹெர்ஷ்டாட் வங்கியை, அந்நாட்டின் வங்கி வேலை நேரம் முடிந்ததும் அதிகாரிகள் மூடினர். நியூயார்க்கில் அப்போது முற்பகல். அவ்வங்கியுடன் நாணய மாற்றுச் செய்தவர்கள் ஜெர்மன் மார்க்கை அன்று பகலிலேயே செலுத்திவிட்டிருந்தனர். அதற்கீடான டாலர் நியூயார்க்கில் வர வேண்டியது வரவேயில்லை. ஒரு கை நீட்டிவிட்டது, மறு கை நீளுமுன் வெட்டுண்டது. அவ்வாண்டு இறுதியில் பத்து நாடுகள் குழுவின் மத்திய வங்கி ஆளுநர்கள் வங்கி மேற்பார்வைக்கான பாஸெல் குழுவை அமைத்தனர். இரு நாணயங்களும் ஒருசேரக் கைமாறினாலன்றி எதுவும் கைமாறாது என்ற அமைப்பு, சிஎல்எஸ் வங்கி என்ற பெயரில் 2002 செப்டம்பரில்தான் செயலுக்கு வந்தது. ஃகாபாவிலிருந்து ஆள் வரும்வரை பிரியாதீர் என்ற எச்சரிக்கைக்கு அது இயந்திர வடிவம். ஷரீஅத்தின் விதிக்கு இதுவே முழு ஹிக்மத் என்று நான் கூறமாட்டேன்; ஆனால் ஸர்ஃபு பாடம் நடத்தும் ஆசிரியர் ஹெர்ஷ்டாட்டைச் சொல்லாமல் விடுவது இனி நியாயமாகாது.

கணக்கில் வரவு வைப்பது 'கைக்குக் கை' ஆகுமா? 1990 மார்ச்சில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதெமி தனது 53ஆம் தீர்மானத்தில் இதனை எடுத்துக்கொண்டது. கப்ளு என்பது கையால் பற்றுவது மட்டுமன்று. வாடிக்கையாளரின் கணக்கில் தொகையை வரவு வைப்பதும், எடுக்கத்தக்க இருப்புள்ள காசோலையைப் பெறுவதும் சட்டப்படியான கைப்பற்றலாகும் என அது முடிவு செய்தது. கவனிக்க: பெறுபவரின் கணக்கில் வரவு.  அமெரிக்காவின் சீரான வணிகச் சட்டத் தொகுப்பில் 1989இல் வரையப்பட்ட 4ஏ பகுதியும் இதே இடத்தில்தான் கோடு கிழிக்கிறது. பெறுபவரின் வங்கி ஆணையை ஏற்கும் கணத்தில் அனுப்பியவரின் கடன் தீர்கிறது. அதற்கு முன் வழியில் எங்கேனும் பணம் நின்றுவிட்டால் அனுப்பியவருக்கு அது திரும்ப வேண்டும், ஆனால் அவரது கடன் அப்படியே நிற்கும். பன்னாட்டு வரவு மாற்றங்களுக்கென ஐக்கிய நாடுகளின் வணிகச் சட்ட ஆணையம் 1992இல் வகுத்த மாதிரிச் சட்டமும் மாற்றம் நிறைவேறாவிடில் பணத்தைத் திருப்பித் தரும் கடமையை விதிக்கிறது.

இவை டொராண்டோவிலும் நியூயார்க்கிலும் பேசப்படும் செய்திகள் என்றே நானும் எண்ணியிருந்தேன், ஒரு மாணவர் கொண்டுவந்த கேள்வி என்னை உலுக்கும்வரை. அவரது உறவினர் ஒருவர் மாலையில் தமது கடன்காரருக்குக் கைப்பேசி வழியாக, யூபிஐ முறையில் பணம் அனுப்பினார். அவர் கணக்கில் தொகை கழிந்துவிட்டது; மறுமுனையில் வரவில்லை. அன்றிரவே அவர் வஃபாத்தானார். மறுநாள் ஜனாஸா தொழுகைக்கு முன், வழக்கம்போல, 'இவர் யாருக்கேனும் கடன் தர வேண்டியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்' என்று மூத்த மகன் அறிவித்தார். கடன்காரர் தயங்கி எழுந்து தமக்கு வரவில்லை என்றார். குடும்பத்தாரோ, வங்கிச் செய்தியைக் காட்டி, மவுத்தானவர் கொடுத்துவிட்டுத்தான் போனார் என்றனர். ஸஃபில் நின்றவர்கள் இரு பக்கமாயினர். மய்யித்தின் மீது கடன் இருக்கிறதா, இல்லையா?

கடனின் பாரம் நாமறிந்ததே. மூன்று தீனார் கடனை வைத்துவிட்டு ஏதும் விட்டுச் செல்லாத ஒருவருக்குத் தாம் தொழ வைக்காமல் தோழர்களைத் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதையும், அபூகதாதா (ரழி) அக்கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழ வைத்ததையும் இமாம் புகாரீ (ரஹ்) தமது நூலில் ஹவாலாவின் அத்தியாயத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

இங்கு முதலில் தீர்க்க வேண்டியது, அந்த மாலையில் நடந்தது ஹவாலாவா வகாலத்தா என்பதே. ஹவாலாவாயின் முஹ்தாலின் இசைவு வேண்டும். கடன் தரும் பொறுப்பை அனுப்பியவரின் வங்கியின் மீது மாற்றிக்கொள்ளக் கடன்காரர் ஒருபோதும் இசையவில்லை. தம் கணக்கில் பணம் வந்து சேருவதற்கே அவர் இசைந்தார். ஆகவே அது வகாலத். பெட்ரோல் நிலைய வழக்கிலோ விற்பவர் அட்டை நிறுவனத்தையே கடனாளியாக ஏற்று முன்கூட்டி ஒப்பமிட்டிருந்தார். வகாலத், ஏவியவரின் மரணத்தோடு முடிந்துவிடும். நிறைவேறிய ஹவாலாவோ, ஷாஃபிஈ மத்ஹபின்படி, முஹீலின் மரணத்தால் அசையாது. ஐரோப்பாவிலும் இப்பிளவு உண்டு. காசோலை எழுதியவர் மரணித்த செய்தி கிடைத்ததும் வங்கியின் அதிகாரம் முடிகிறது என்கிறது 1882ஆம் ஆண்டின் ஆங்கில உண்டியல் சட்டத்தின் 75ஆம் பிரிவு. எழுதிக் கொடுத்த பின் நேரும் மரணம் காசோலையை எவ்வகையிலும் பாதியாது என்கிறது 1931இல் ஜெனீவாவில் உருவான சீரான காசோலைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு. முன்னது வகாலத்தின் குரல். பின்னது ஹவாலாவுக்கு நெருங்கிய குரல்.

இந்தியச் சட்டத்தில் 2008 முதல் நடைமுறையிலிருக்கும் பணம் செலுத்தல், தீர்வு முறைமைகள் சட்டத்தின் 23ஆம் பிரிவு, தீர்வின் இறுதித் தன்மையைப் பேசுகிறது. ஆனால் அது வங்கிகள் தமக்குள் கணக்குத் தீர்ப்பதைப் பற்றியது. ஸைதுக்கும் அம்ருக்கும் இடையிலான கடனைப் பற்றியதன்று. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று விடுத்த சுற்றறிக்கைதான் நம் வினாவுக்கு அருகில் வருகிறது. யூபிஐ வழியே தனிநபருக்கு அனுப்பிய தொகை கழிந்தும் சேராவிடில் அடுத்த நாளுக்குள் அது அனுப்பியவருக்கே தானாகத் திரும்ப வேண்டும். வணிகருக்குச் செலுத்தியதாயின் ஐந்து நாட்கள். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈட்டுத்தொகை. திரும்ப வேண்டுமென்பதிலிருந்தே கடன் தீரவில்லை என்பது பெறப்படும். தீர்ந்த கடனுக்கான பணம் திரும்பாது.

அந்த 100 ரூபாயைப் பெறலாமா என்று மாணவர்கள் அடுத்துக் கேட்டனர். ஜித்தாவில் அதே 1990 அமர்வின் 51ஆம் தீர்மானம், தவணை தாழ்த்திய கடனாளியிடம் கூடுதல் வாங்குவதைத் தடுக்கிறது. வங்கி கடனாளி என்று கொண்டால் இது அத்தடையில் விழும். ஏவிய வேலையைப் பிழைத்த வகீல் தரும் ஈடென்று கொண்டால் விழாது. ஐம்பது ரூபாய்க்கும் ஐம்பதாயிரத்துக்கும் ஒரே தொகை என்பது வட்டியின் இயல்பன்று என்பதும் கருதத்தக்கது. இரண்டு முகமும் இருப்பதால், பெற்று ஏழைக்குக் கொடுத்துவிடுவது பேணுதல் என்பது என் கருத்து.

கேவாவைப் போன்ற ஒருவரின் கல்விப் பாதையை எண்ணும்போது என் மனத்தில் தைப்பது இதுதான். ஒப்பந்தச் சட்டத்தில் காலூன்றி, காசோலை, உண்டியல் சட்டங்களைத் துருவி, கணினி வந்ததும் அதன் உள்ளியக்கத்தை வங்கிப் பொறியாளருக்கு நிகராகக் கற்று, பின் பல நாட்டுச் சட்டங்களை ஒப்பிட்டு, இறுதியில் அதன் வேர்களைத் தேடி வரலாற்றுக்குள் இறங்கும் பாதை அது. ஆங்கிலத்தில் எழுதும் சட்ட ஆய்வாளர் பலருக்கு ஹிதாயா என்பது, 1791இல் சார்லஸ் ஹாமில்டன் ஃபார்ஸீ வழியாகப் பெயர்த்த நூல்தான். மூலத்தை மூலமாகவே ஓதும் நம் மாணவருக்கோ, கைப்பேசியில் விரல் பதித்த பின் அப்பணம் எத்தனை கணக்கேடுகளைக் கடக்கிறது என்பது தெரியாது. அரபிக் கல்லூரிப் பட்டத்துடன் சட்டக் கல்லூரியிலும் சேரும் இளைஞர் இன்று நம்மிடையே உண்டு. அவர்களில் பெரும்பாலோர் திருமணம், தலாக், வக்ஃபு என்ற வட்டத்துக்குள்ளேயே தங்கள் ஆய்வுப் பொருளைத் தேடுகின்றனர். முஆமலாத் பகுதியில் வங்கி வட்டியைக் கடந்து வருவோர் அரிது. மின்னணுப் பணம் செலுத்துதல் அவர்களுக்குப் பாழ்நிலமாகக் கிடக்கிறது.

ஜனாஸாத் தொழுகையின்போது அந்த மூத்த மகன் வாதத்தை நீட்டவில்லை. பணம் வந்தாலும் வராவிட்டாலும் வாப்பாவின் கடன் தம்முடையது என்று எல்லோரும் கேட்கச் சொன்னார், கடன்காரர் சம்மதித்தார், தொழுகை நடந்தது. மறுநாள் மாலை அத்தொகை இறந்தவரின் கணக்குக்கே திரும்பி வந்ததாக மாணவர் கூறினார். அது இப்போது தரிகாவில் சேரும் என்றும், பாகப் பிரிவினைக்கு முன் கடன் தீர்க்கப்பட வேண்டுமென்றும் சொல்லி அனுப்பினேன். மகன் தம் கைப்பணத்தைக் கொடுத்து முடித்துவிட்டிருந்தால், தந்தையின் சொத்திலிருந்து அதை மீட்டுக்கொள்ளலாமா என்பது அவர் ஏற்றபோது கொண்ட எண்ணத்தைப் பொறுத்தது. ளமான் பாடத்தை அவ்வாரமே மீண்டும் எடுத்தோம்.